அந்தக் கீலைக் கழற்று!

சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து பார். அடிப்பக்கம் ஊறி உப்பியிருக்கும். கீல் திருகு பிடிப்பில்லாமல் ஆடும். எத்தனை மாதமாக அதைத் தூக்கிப் பிடித்து மூடிக்கொண்டிருக்கிறாய்? "ஆசாரி வரணும்" என்கிறாய். ஆசாரி வரவில்லை. வீட்டில் நீ இருக்கிறாயே, தம்பி!

நான் சிவகாசியில் காலண்டர் பைண்டிங் பார்ப்பவன். மரவேலை எனக்குப் பிழைப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆசை. எங்கள் சமையல் மேடைக்கு அடியில் கடப்பாக்கல் தடுப்பு, முகப்பில் மரச்சட்டம், அதில் எட்டுக் கதவு, மூன்று டிராயர். பார்க்க வந்த ஆசாரி, "மொத்தத்தையும் பிரிச்சுட்டுப் புதுசா செஞ்சிருவோம்" என்றார். கல்லுக்கு என்ன கேடு? சட்டத்துக்கு என்ன கேடு? கெட்டது கதவும் டிராயரும்தானே! அவற்றை நானே மாற்றுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முதல் கதவை நாசமாக்கினேன். கீலின் கிண்ணம் உட்கார 35 மி.மீ. அகலத்தில் குழி வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டில் 12 மி.மீ. ஆழம் போதும். நான் டிரில்லை அழுத்திய அழுத்தில், முன்பக்க மைக்காவையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. "இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்றார்கள் வீட்டில். அந்த ஒரு சொல்லைக் கேட்டே எத்தனை கைகள் வேலை பழகாமல் கிடக்கின்றன!

இந்த ஊரில் நின்றுகொண்டா அதைச் சொல்வது? 1922-இல் இந்த ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனபோது அவர்களுக்குத் தீப்பெட்டித் தொழில் தெரியாது. போய்க் கற்றார்கள், திரும்பி வந்து இங்கே தொடங்கினார்கள். வானம் பார்த்த பூமி என்று எல்லோரும் நொந்துகொண்ட அதே வறண்ட காற்றில்தான் தீக்குச்சியும் காய்ந்தது, பட்டாசும் காய்ந்தது.

பட்டாசு ஆலையின் அறையிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, வெடிமருந்தும் அளவோடுதான். குவித்தால் ஆபத்து. அந்த ஒழுங்கைச் சமையலறைக்குக் கொண்டுவா. எட்டுக் கதவையும் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டு மலைத்து நிற்காதே. ஒன்றைக் கழற்று, ஒன்றைச் செய், ஒன்றை மாட்டு. அப்புறம் அடுத்தது.

கண்ணை நம்பாதே, டேப்பை நம்பு. கல் தடுப்பு நேராக நிற்காது. எங்கள் வீட்டு டிராயர் வாய் மேலே 412 மி.மீ., கீழே 407! குறைந்த அளவை எடு. டிராயர் ஓடும் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 வீதம் 26 கழி. மிச்சம்தான் டிராயர் பெட்டியின் வெளி அகலம். சட்டம் சாய்ந்திருந்த இடத்தில் சேனலுக்குப் பின்னால் காலண்டர் அட்டையை நறுக்கி வைத்து மட்டம் செய்தேன். என் தொழில் எனக்குக் கைகொடுத்த இடம் அது. உன் தொழிலும் எங்கோ கைகொடுக்கும், பார். பெட்டியைப் பசை போட்டுச் சேர்த்ததும் மூலைக்கு மூலை அள. இரண்டு அளவும் ஒன்றாகும்வரை தட்டு. பசை காய்ந்தபின் அழுது பயனில்லை. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை பார்த்துப் பலகை வாங்கு. மைக்காவை இரண்டு பக்கமும் ஒட்டு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சித்திரை வெயிலில் கதவு அப்பளமாக வளையும்.

மூன்றாவது டிராயரை மாட்டிய ராத்திரி, அம்மா ஒரு விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. மறுபடி திறந்தார், மறுபடி தள்ளினார். ஓட்டை விழுந்த அந்த முதல் கதவை அறுத்துத்தான் அதற்குப் பக்கப்பலகை செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்றுகூடக் காத்திருக்காதே. திருப்புளியை எடு. சிங்க்குக் கதவிலிருந்து தொடங்கு.