சிங்காரத்தோப்பிலிருந்து சாமித்தோப்புக்கு

 

ஆண்டுதோறும் மாசி 19 அன்று இரண்டு ஊர்வலங்கள் நாகர்கோவிலுக்கு வந்து சேர்கின்றன. ஒன்று திருச்செந்தூரிலிருந்து வருவது. 1833-இல் கடலுக்குள் போன முத்துக்குட்டி, அய்யா வைகுண்டராகக் கரையேறிய இடம் அது. மற்றொன்று திருவனந்தபுரத்திலிருந்து வருவது. மறுநாள் அய்யாவின் அவதார தினம். நாகராஜா கோயில் திடலிலிருந்து காவிக் கொடியும் தலைப்பாகையுமாகப் பெருங்கூட்டம் சாமித்தோப்புக்கு நடக்கிறது.

திருச்செந்தூர் சரி, திருவனந்தபுரம் எதற்கு? அங்கேதான் அய்யா சிறையில் இருந்தார்.

தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் வரி என்று திருவிதாங்கூர் எளியவர்களைப் பிழிந்த காலம் அது. பெண்கள் தோளில் சீலை போடவும் தடை. அந்த நாட்டில், அய்யாவின் சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் முத்திரிக்கிணறு என்ற ஒரே கிணற்று நீரில் குளித்து, ஒரே பந்தியில் இருந்து உண்டார்கள். அய்யா ஆட்களைத் திரட்டுகிறார் என்று அரண்மனைக்குப் புகார் போனது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1830-களின் பிற்பகுதியில், அய்யா பிடிக்கப்பட்டுத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் அடைக்கப்பட்டார். சிறையிருப்பு 110 நாள் என்பது வழிவழி வரும் கணக்கு. சொந்தச் சாதிக்காரரோடு மட்டும் பழகுவேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்களாம்; அந்த ஓலையை அய்யா கிழித்துப் போட்டாராம். கடைசியில் விடுதலை கிடைத்தது.

அதற்குப் பிறகு ஊர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. சிறையிலிருந்து வந்தவரை மக்கள் வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்தார்கள். சாமித்தோப்பு வரை 70 கிலோமீட்டருக்கும் அதிகமான வழி. இருட்டிய பிறகு கொல்லைப்புறமாக அழைத்து வரவில்லை. ஊரறிய அழைத்து வந்தார்கள். திருவனந்தபுரத்து ஊர்வலம் இன்றும் நடந்து காட்டுவது அந்த வீடு திரும்பலைத்தான்.

இன்றைக்கு ஒருவன் பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்தோ நாகர்கோவில் மாவட்டச் சிறையிலிருந்தோ வெளியே வரும்போது எந்தக் கொடியும் அவனோடு நடப்பதில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தெரிந்த முகம் ஏதும் எதிரே வந்துவிடக் கூடாதே என்று ஒதுங்கி நிற்கிறான். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்" என்ற பேர் அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாடகைக்கு வீடு இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டக் கூப்பிட ஆள் இல்லை. மகளுக்கு வரன் வந்தால் பேச்சு அப்பனிடம் வந்து நின்றுவிடுகிறது.

தமிழகத்து மத்தியச் சிறைகளில் நெசவும் தையலும் பேக்கரி வேலையும் கற்றுத் தருகிறார்கள். சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் சிறைவாசிகளே வண்டிக்கு எண்ணெய் போட்டுப் பணத்தை எண்ணி வாங்குகிறார்கள். தண்டனைக் காலத்தில் கல்லாவை நம்பி ஒப்படைக்கலாம் என்றிருந்த கைக்கு, தண்டனை முடிந்த பிறகு வேலை மறுக்கப்படுகிறது.

அய்யா குற்றமற்றவர், திருடியவனையும் வெட்டியவனையும் அவரோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. மீதிக் கால் பங்கில் பெரும்பாலோருக்கோ, எத்தனை ஆண்டு என்பதை நீதிமன்றமே அளந்து கொடுத்துவிட்டது. அந்த அளவுக்கு மேல் ஊர் ஏன் தன் பங்குக்குக் கூட்ட வேண்டும்?

உண்மையாகவே பகைவனாக வந்தவனையும் இந்த மண் ஏற்றிருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து பிடிபட்டவர் டிலனாய். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அந்தக் கைதியிடமே தன் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கொடுத்தார். ‘வலிய கப்பித்தான்’ என்று பேர் பெற்று, கோட்டைகளைப் பலப்படுத்தி, 1777-இல் இறந்த அவரின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. போனால் பார்க்கலாம்.

ஏற்பது என்றால் நடந்ததை மறப்பது என்று பொருள் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் அதே ஊரில் இருக்கலாம். மன்னிக்கச் சொல்லி அவர்களை நெருக்கக் கூடாது. அவர்கள் கேட்கும் இடைவெளியை ஊர் காத்துக் கொடுக்க வேண்டும். வந்தவனுக்கோ முதலில் தேவைப்படுவது உபதேசம் அல்ல. 27 ஆண்டு சிறையிருந்த மண்டேலாவின் பேரில் 2015-இல் ஐ.நா. வகுத்த விதிகள், வெளியே வருபவனுக்குத் தேவையானவற்றை எண்ணிச் சொல்கின்றன: அடையாளச் சான்று, தங்க இடம், வேலை, பருவத்துக்கேற்ற உடை, ஊர் போய்ச் சேர வழி. ஒருவனின் விடுதலையோடு சமூகத்தின் கடமை முடிவதில்லை என்றும் அவை கூறுகின்றன.

சாமித்தோப்புப் பதியின் கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்பவர் தன் முகத்தைப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் இறைவனைப் பார் என்பது அதன் பொருள். சிறையிலிருந்து வந்தவன் அங்கே நின்றாலும் அந்தக் கண்ணாடி அவன் முகத்தைத்தான் காட்டும். வழக்கு எண்ணைக் காட்டாது.

மாசியில் கொடி பிடித்து நடக்கும் இளைஞர்களில் இரண்டு பேர், இன்னொரு மாதத்தில் ஒரு காலை, மாற்று வேட்டியும் பஸ் காசுமாகப் பாளையங்கோட்டைச் சிறை வாசலில் போய் நிற்கலாம். விடுதலையாகி வருபவனோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து வடசேரி வரை வரலாம். மறுநாள் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் அலைய ஒருவர், செங்கல் சூளை முதலாளியிடம் பேச ஒருவர். அன்று சாயங்காலம் ஊரின் வழிபாட்டு இடமான தாங்கலில் பந்தி போடும்போது, பரிமாறும் பெரியவர் அவன் முன்னாலும் ஓர் இலையை விரித்து, "இரு மக்கா, சாப்பிடு" என்பார்.