ஒட்டகத்துக்குக் கீழ்ப்படிதல்

1977 ஏப்ரலில் ராபின் டேவிட்சன் என்ற இளம்பெண் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். கூட வந்தவை நான்கு ஒட்டகங்களும் ஒரு நாயும். ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் பாலையைக் கடந்து, ஒன்பது மாதம் கழித்து இந்தியப் பெருங்கடலின் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிய ‘டிராக்ஸ்’ 1980இல் வெளிவந்தது. கட்டுகளை அறுத்துக்கொண்டு தன்னந்தனியே கிளம்பிய ஒரு பெண்ணின் விடுதலைக் கதை என்றுதான் இன்றுவரை பலரும் அதைப் படிக்கிறார்கள். கடவுளை முன்வைக்காத இப்படியொரு நடையைத் துறவின் வரிசையில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அவர் அடைந்ததாகச் சொல்லப்படும் சுதந்திரத்துக்காக வைக்க மாட்டேன். அந்த ஒன்பது மாதமும் அவர் யாருக்கு, எதற்குக் கீழ்ப்படிந்து நடந்தார் என்று பார்த்தால்தான் துறவு என்ற சொல் பொருந்துகிறது.

அவருடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இரவில் ஒட்டகங்களின் முன்னங்கால்களில் தளை போட்டு மேயவிட வேண்டும். தளையோடும் அவை வெகுதூரம் போய்விடும். விடிந்ததும் கழுத்து மணியின் ஓசையைக் காதால் துழாவி, தடம் பார்த்துத் தேடிப் பிடித்துவர வேண்டும். பிறகு சேணம். இரண்டு பக்கச் சுமையும் எடை ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தாலும் முதுகில் புண் விழும், புண் விழுந்த ஒட்டகம் சுமக்காது, சுமக்க ஆளில்லாத தண்ணீரும் அரிசியும் பாலையிலேயே கிடக்கும். இத்தனை வேலையும் மாலையில் சேணத்தை இறக்கும்போது தலைகீழாக இன்னொரு முறை. இன்று மனசு சரியில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியே இல்லை. இதைக் கற்றுக்கொள்ளவே அவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரண்டு ஆண்டுபோல ஒட்டகக்காரர்களிடம் எடுபிடியாக வேலை பார்த்தார். அவர்களில் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகங்களோடு அந்த நாட்டுக்கு வந்து ‘ஆப்கானியர்’ என்று பொதுப்பெயர் பெற்றவர்களின் வழியில் வந்த முதியவர். விடுதலை தேடிப் போனதாகச் சொல்லப்படும் பெண் முதலில் செய்தது குருகுலவாசம். நம் ஊரில் இதை யாரும் வியப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய பாலைத் துறவிகளின் கதையும் இதே திசையில்தான் போகிறது. எகிப்தின் புனித அந்தோனியார் பாழடைந்த கோட்டை ஒன்றில் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கதவை அடைத்துக்கொண்டு இருந்தார் என்று அத்தனாசியார் நான்காம் நூற்றாண்டில் எழுதிய வரலாறு சொல்கிறது. அதே நூல் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது: ஆண்டுக்கு இரண்டு முறை கூரை வழியாக அவருக்கு ரொட்டி இறக்கப்பட்டது. பின்னர் கூட்டத்துக்கு அஞ்சி, செங்கடலிலிருந்து அதிக தூரமில்லாத உள்மலைக்குப் போனபோதும், வழி காட்டிக் கூட்டிப்போனவர்கள் அந்தப் பாலையில் நடமாடிய அரபு நாடோடிகள். ரொட்டி கொடுத்தவர்களும் அவர்களே. பிறருக்குத் தொல்லை வேண்டாம் என்று மண்வெட்டி வாங்கித் தானியம் விதைத்தார். அதன்பின் அந்தப் பயிரும் அதை மேய வந்த விலங்குகளும் அவரைக் கட்டிப்போட்டன. பௌத்தத்தில் இது சட்டமாகவே ஆயிற்று. காட்டில் தனித்திருக்கும் பிக்குவும் இன்னொருவர் கையிலிருந்து பெற்றதைத்தான் உண்ணலாம். மரத்தடியில் பழம் விழுந்து கிடந்தாலும் தானே எடுத்துத் தின்ன விதி இடம் தராது. தனித்துப் போகிறவனை மதங்கள் ஒருபோதும் முழுதாக நம்பிவிடவில்லை. ஏதாவதொரு கயிற்றை இடுப்பில் கட்டித்தான் அனுப்பின. டேவிட்சனுக்கு அந்தக் கயிறு ஒட்டகத்தின் மூக்கிலிருந்து வந்தது.

வேலை செய்வதெல்லாம் துறவாகிவிடுமா, லாரி ஓட்டுநரும்தான் நாள் தவறாமல் சுமையும் டயரும் சரிபார்க்கிறார் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. லாரி ஓட்டுநருக்குக் கூலி உண்டு, முதலாளி உண்டு, வீட்டில் காத்திருக்கும் வயிறுகள் உண்டு. அவர் கீழ்ப்படிவது அவற்றுக்கு. கண்டிக்கவோ பாராட்டவோ ஆளில்லாத இடத்தில், எந்த நிமிடமும் விட்டுவிட்டுப் போகக்கூடிய ஒருவர், தன் விருப்பத்தைவிட ஒரு விலங்கின் முதுகுப் புண்ணைப் பெரிதாக மதிப்பது வேறு வகை. தன்விருப்பத்தை அறுப்பது என்று துறவு நூல்கள் சொல்வதை அங்கே எந்த நூலும் இல்லாமலே காண்கிறோம்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. ஆளில்லாத இடம் என்று எப்படிச் சொல்வது? பயணத்துக்குப் பணம் தந்தது நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ். அதன் புகைப்படக்காரர் வழியில் பலமுறை வந்து படமெடுத்துப் போனார். இதைப் பற்றி டேவிட்சனுக்கே கசப்பு இருந்தது. தன் பயணத்தை விற்றுவிட்டோமோ என்ற குமைச்சல் புத்தகம் நெடுக இருக்கிறது. போதாததற்கு அந்தப் பாலை பழங்குடிகளின் வீடு. அங்கே மலையும் நீர்ச்சுனையும் முன்னோர் கதையோடு பிணைந்தவை, பெண்கள் போகக்கூடாத இடங்களும் உண்டு. எட்டி என்ற பிட்ஜன்ட்ஜட்ஜரா முதியவர் கூட நடந்து அந்த நாட்டைக் கடத்திவிட்டார். ஆக, தனிமை என்பதே பொய்யா? காலி நிலம் என்ற தனிமை பொய்தான். அது வெளியிலிருந்து வருகிறவரின் கண்ணில் மட்டும் இருக்கிறது, குடியேறியவர்கள் நிலத்தைப் பிடுங்கவும் அந்தக் கண் உதவியது. ஆனால் முதியவரின் சொல்லைக் கேட்டு வழியை அமைத்துக்கொண்டதும் கீழ்ப்படிதலே. என் வாதத்தை அது தளர்த்தவில்லை. புகைப்படக்காரர்தான் தளர்த்துகிறார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தோனியாருக்கும் அப்படியொருவர் இருந்தார் என்று மட்டும் பதில் சொல்வேன்: அத்தனாசியார் எழுதியிராவிட்டால் அவரை நமக்கு இந்த அளவுக்குத் தெரிந்திராது.

தனியே வாழ்கிறவன் யாருடைய கால்களைக் கழுவுவான் என்று செசரியாவின் பசிலியார் துறவிகளைப் பார்த்துக் கேட்டார். அன்பு செய்ய எதிரே ஒருவர் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ஒருவர் மனிதராகத்தான் இருக்க வேண்டுமா என்பதில்தான் அவரோடு நான் மாறுபடுகிறேன். பயணத்தின் பிற்பகுதியில் டேவிட்சனின் நாய் டிக்கிட்டி, யாரோ வைத்திருந்த நச்சு இரையைத் தின்றுவிட்டது. துடித்த நாயைத் தன் கையாலேயே சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. அன்பு செய்ய எதிரே யாரும் இல்லை என்று அந்த இடத்தைப் படித்தவர் சொல்ல மாட்டார்.

இருந்தும் ஒரு குறையை மறுக்க முடியவில்லை. கடற்கரை வந்ததும் இந்த நடைக்கு மேலே செய்ய எதுவுமில்லை. யாத்திரை போகிறவருக்கு முடிவில் நீராடல் உண்டு, படையல் உண்டு, ஊர் திரும்பி அன்னமிடும் கடமை உண்டு. அந்தோனியாரும் மலையிலிருந்து இறங்கி அலெக்சாண்டிரியாவுக்கு வந்து போனார். டேவிட்சனுக்கு நிலம் தீர்ந்ததுதான் முடிவு. ஒட்டகங்களையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டார். பிறகு தொண்ணூறுகளில் அவர் இந்தியாவின் மேற்கே ரபாரி இடையர்களோடு நடந்து ‘டெசர்ட் பிளேசஸ்’ எழுதினார். அந்த மக்களிடம் தனி நடை என்ற எண்ணமே கிடையாது. புல் இருக்கும் பக்கம் மந்தை போகும், மந்தை போகும் பக்கம் குடும்பம் போகும்.