போகிற விருந்தும் வருகிற விருந்தும்

வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கி ஒரு தவணை அட்டவணையும் கொடுக்கிறது. இருபது வருடக் கடன் என்றால் அதில் 240 வரிகள் இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று ஒருமுறை புரட்டிவிட்டு, பத்திர நகலோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் அதை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பார்க்கலாம். பஞ்சாங்கத்தை விட்டால், காலத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் காகிதம் நம் வீட்டில் வேறு இல்லை.

நாற்பது லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, இருபது வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். முதல் மாதம் அதில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஆறாயிரத்துச் சொச்சம்தான். அடுத்த மாதம் அந்த ஆறாயிரத்துச் சொச்சத்தோடு ஒரு நாற்பத்தைந்து ரூபாய் கூடும். இப்படியே போனால் அசலில் பாதி தீர ஏறக்குறைய பதினான்கு வருடம் ஆகிறது. மீதிப் பாதி ஆறே வருடத்தில் தீர்ந்துவிடுகிறது. எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால், வாங்கியது நாற்பது, கட்டியது எண்பத்து மூன்று.

முதல் தடவை படிக்கும்போது வயிறு எரியும். அது இயல்புதான். இரண்டாம் தடவை நிதானமாகப் படித்தால் வேறொன்று தட்டுப்படும். ஐம்பத்தேழாவது வரியை நினைத்து மாதம் முழுக்கத் தூங்காமல் கிடந்தவருக்கும், நிம்மதியாகத் தூங்கி எழுந்தவருக்கும் அந்த மாதம் ஒரே தொகைதான் கழிகிறது. கவலைக்கென்று அந்த அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை. நாமாக மாதாமாதம் செலுத்தும் கவலையை எந்த வங்கியும் வரவு வைப்பதில்லை.

அந்த அட்டவணையும் நிரந்தரம் இல்லை. 2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அதோடு வீட்டுக் கடன் வட்டியும் ஏற, பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் மாதங்களைக் கூட்டிவிட்டன. ஓய்வு பெறுவதற்குள் முடியும் என்று நம்பியிருந்த கடன் அறுபது வயதைத் தாண்டி நீண்டிருப்பதைப் பலர் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு 2023 ஆகஸ்டில், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்கே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. நிலையாமை என்ற அதிகாரத்தை வள்ளுவர் துறவறவியலில் வைத்தார். மாறும் வட்டியில் கடன் வாங்கிய இல்லறத்தாருக்கும் அது பாடப்பகுதிதான்.

இது கடன் பக்கம். இன்னொரு பக்கம் முதுமை நிற்கிறது.

நம் தாத்தாக்கள் காலத்தில் முதுமைக்கு மூன்று காவல் இருந்தன. அரசு வேலை பார்த்தவருக்கு ஓய்வூதியம், நிலம் இருந்தவருக்கு நெல், இரண்டும் இல்லாதவருக்கு மகன். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் சேர்க்கப்பட்டார்கள். நிலம் மனைகளாகப் போயிற்று. மகனுக்கு அவனுடைய இ.எம்.ஐ. இருக்கிறது. தனியார் வேலையில் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.பில் பிடிக்கிறார்கள், நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. அந்த பி.எஃப்.பிலிருந்து ஒரு பெரிய தொகையை எடுத்து வீட்டுக்கு முன்பணம் கட்டுவது இன்று சர்வசாதாரணம். சட்டமும் அனுமதிக்கிறது. ஆனாலும் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. வங்கிக்காரர் போனில் கேட்பார், பிள்ளை நேரில் கேட்கும். எழுபது வயதில் இருக்கப்போகிற நாம் மட்டும் இன்று வந்து எதையும் கேட்க முடியாது. கேட்கத் தெரியாதவரிடமிருந்து எடுப்பது எளிது. எளிது என்பதற்காகவே கொஞ்சம் தயங்க வேண்டும்.

இந்த இழுபறிக்கு நடுவில் விருந்தோம்பல் அதிகாரத்தில் வரும் ஒரு குறளின் கருத்தை நினைத்துக்கொள்வேன். வந்த விருந்தை நன்றாக உபசரித்து வழியனுப்பிவிட்டு, அடுத்து வரும் விருந்துக்காகக் காத்திருக்கும் இல்லறத்தாரைப் பற்றி அதில் வள்ளுவர் பேசுகிறார். இதை நாட்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய நாள், போகிற விருந்து. இலை போட்டாகிவிட்டது. சாயங்காலம் கிளம்பிவிடும், திரும்பி வராது. முதுமை, வருகிற விருந்து. எப்போது வரும், எத்தனை நாள் தங்கும் என்று தெரியாது. வந்தால் பானையில் அரிசி இருக்க வேண்டும்.

நல்ல வீட்டுக்காரர் இதில் ஒருவருக்காக இன்னொருவரைப் பட்டினி போடமாட்டார். நாளை வரப்போகிறவருக்கு வேண்டும் என்று சொல்லி, இன்று இலை முன் உட்கார்ந்திருப்பவருக்குச் சோற்றைக் குறைத்தால் அது விருந்தோம்பல் ஆகாது. இருப்பதையெல்லாம் இன்றைக்கே வடித்துக் கொட்டிவிட்டு நாளைக்குக் கதவைச் சாத்திக்கொள்வதும் ஆகாது. வாசலில் கடன்காரர் வேறு நிற்கிறார். அவருக்கு உரியதைத் தேதி தவறாமல் கொடுத்து மரியாதையாக அனுப்ப வேண்டும். ஆனால் அவரைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்காரவைக்க வேண்டியதில்லை.

நடுத்தர வீடுகளில் பெரும்பாலும் அப்படி உட்காரவைப்பதுதான் நடக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மகன் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில்தான் வாசம். அவர் ஒருமுறை சொன்னார்: “பால் காய்ச்சின அன்னிக்கு இந்த வீட்டுல ஒரு நாற்காலிகூட இல்லப்பா. அன்னிக்குத்தான் எல்லாரும் தரையில உக்காந்து மனசு விட்டுப் பேசினோம். இப்ப சோபா இருக்கு. உக்காந்தா கணக்குதான் பேசறாங்க.” குறை சொல்லும் தொனியில் அவர் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோல் சொன்னார். அந்த வீட்டுக் கடன் பத்திரத்தின் மூலையில் கிரகப்பிரவேசத்தன்று வைத்த மஞ்சளும் குங்குமமும் இன்னும் அப்படியே இருக்கின்றனவாம்.

கடன் வந்த வீட்டில் முதலில் குறைவது எது என்று கவனித்திருக்கிறீர்களா? ஸ்கூல் பீஸ் குறையாது, கேபிள், நெட் எதுவும் குறையாது. யாருக்கும் தெரியாமல் குறைக்கக்கூடியவைதான் முதலில் குறைகின்றன. தூக்கம் குறைகிறது. பழம் வாங்குவது குறைகிறது. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவது பொங்கலிலிருந்து சித்திரைக்கும், சித்திரையிலிருந்து ஆடிக்கும் தள்ளிப்போகிறது. கடைவாய்ப் பல் வலிக்கிறது. ஒரு பக்கமாக மென்று பழகிக்கொள்கிறோம். கூடுதல் ஷிப்ட் பார்த்து அந்தப் பணத்தைக் கடனில் போடுகிறோம். போகிற விருந்து பாவம், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறது.

மனம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வரும்போது எனக்குப் பூசலார் நாயனாரின் நினைவு வரும். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் போகும் மின்ரயில் பாதையில் ஆவடியைத் தாண்டி வரும் திருநின்றவூர்தான் அவருடைய ஊர். இன்று அந்தப் பாதை நெடுக மனைப்பிரிவு விளம்பரங்களும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன. மாதத் தவணையோடு மல்லுக்கட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ரயில்களில்தான் வேலைக்குப் போய் வருகின்றன. பூசலாருக்குச் சிவனுக்கு ஒரு கோயில் எழுப்ப ஆசை. பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. எனவே மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளைத்தான், காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனும் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, நான் அன்று திருநின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்று சொன்னதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார்.

கதையின் முடிவை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது நடுப்பகுதி. மனத்துக்குள் கட்டுகிறவருக்கு எதற்கு நாள் கணக்கு? கண்ணை மூடித் திறப்பதற்குள் கோபுரத்தை எழுப்பியிருக்கலாமே. அவர் அப்படிச் செய்யவில்லை. பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டார். தூபி நட்டு, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் உரிய காலத்தைக் கொடுத்தார். கல்லே இல்லாத கோயிலுக்கு அவ்வளவு பொறுமை.

நம் நிலைமை தலைகீழ். செங்கல்லும் சிமெண்டுமாக வீடு கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் மனம் அதில் குடியேறவில்லை. வருடங்களைத் தாண்டி, கடன் தீரும் நாளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த நாள் வந்தால் அது அங்கிருந்தும் கிளம்பி, ஓய்வுக்காலச் சேமிப்பு எத்தனை லட்சம் என்று பார்க்கப் போய்விடும். திருநின்றவூரில் பூசலாரின் இறைவன் இருதயாலீஸ்வரர் என்ற பெயரில் இருக்கிறார். நெஞ்சு நோய் உள்ளவர்கள் அங்கே வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். அதில் பொருத்தம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சரி, கணக்கைப் பார்க்காமலே இருந்துவிடலாமா? கூடாது. பார்க்காமல் விட்ட கணக்குதான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். வரவு சிறிதானாலும் செலவு அதை மீறாதவரை கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் பொருள் சேர்க்கும் அதிகாரத்தில் வைக்காமல், வலியறிதலில் வைத்தார். தன் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதன் ஒரு பகுதியாக அதை அவர் கருதியிருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, தவணைக்கு இவ்வளவு, முதுமைக்கு இவ்வளவு, இந்த மாதம் வாழ இவ்வளவு என்று பிரித்துவிட்டால் போதும். மற்ற நாட்களில் அந்தப் பேச்சுக்கு விடுமுறை கொடுக்கலாம்.

கையில் கொஞ்சம் மிஞ்சினால் கடனில் போடுவதா, சேமிப்பதா என்ற கேள்வி வரும். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் நாம் பார்த்த நாற்பது லட்சக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறைந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கி அபராதம் போட முடியாது. பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலில் 7.1 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த அளவிலேயே பார்த்தால் 8.5 சதவீதக் கடனை அடைப்பதுதான் லாபம். ஆனால் அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டியவருக்கு அந்த லாபம் ஒரே ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் போய்விடும். கடன் இருக்கிறது என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும் சுபாவம் சிலருக்கு. அவர்கள் சீக்கிரம் அடைக்கட்டும். மற்றவர்கள் நிதானமாகக் கட்டட்டும். இரண்டிலும் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

கொடுப்பதை மட்டும் கடன் தீரும்வரை ஒத்திப்போட வேண்டாம் என்பது என் கட்சி. காஞ்சி மகாபெரியவர் பிடி அரிசித் திட்டம் சொன்னபோது வசதியானவர்களை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. உலை வைப்பதற்கு முன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது தவணை கட்டும் வீட்டிலும் முடியும். அப்படி எடுத்து வைக்கும் கைக்கு, நம்மிடம் இருப்பது போதும் என்று தினமும் ஒருமுறை தெரிகிறது. பத்து லட்சம் சேர்ந்த பிறகும் சிலருக்கு அது தெரிவதில்லை.

எனவே உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இந்த மாதம் தவணை பிடித்தானதும், பி.எஃப்.புக்கோ பி.பி.எஃப்.புக்கோ போக வேண்டியது போனதும், மீதியிருக்கும் பணத்தில் முதல் செலவாக, தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் அந்த ஒன்றைச் செய்துவிடுங்கள். அம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் டிக்கெட் எடுங்கள். பல்வலி என்றால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பல்லுக்கும் வட்டி ஏறும். அதற்கு இருபது வருடத் தவணை கிடையாது.