மணக்கோலமும் மெய்ம்மையும்

மணநாளில் ஒரு பெண் உடுத்தும் ஆடை அவளை உள்ளவாறு காட்ட வேண்டுமா, அன்றி உள்ளதினும் சிறப்பாகக் காட்ட வேண்டுமா? அற்பமாகத் தோன்றும் இவ்வினா, ஆராயுமிடத்து, அறவியலின் அடிப்படைப் பிரச்சினையொன்றைத் தொட்டு நிற்கின்றது. பிறர் கண்ணுக்கு நம்மை அழகாக்கிக் காட்டுதல் ஒருவகைப் பொய்யா என்பதே அப்பிரச்சினையாகும்.

பொய்யே என வாதிடுவோருக்கு முன்னோடியாக அமைபவர் பிளேட்டோ. அவரது 'கோர்கியாஸ்' என்னும் உரையாடலிலே சோக்கிரட்டீஸ் ஒப்பனைக் கலையை முகத்துதியின் ஒரு கூறாக வகுக்கின்றார். உடற்பயிற்சி உடலுக்கு உண்மையான நலத்தை அளிக்கின்றது; ஒப்பனையோ வடிவாலும் நிறத்தாலும் உடையாலும் ஓர் இரவல் அழகைத் தந்து, தனக்கே உரிய அழகைப் புறக்கணிக்கச் செய்கின்றது என்பது அவர் கருத்து.

இரவல் அழகு பற்றிய கண்டனம் கண்டி மாநகருக்கும் புதிதன்று. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிற் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராகக் கடமையாற்றியவருமான ஆனந்த குமாரசுவாமி, 'இரவல் இறகுகள்' எனப் பொருள்படும் சிறு நூலொன்றை 1905இல் இந்நகரிலே வெளியிட்டார். நம்மவர் தம் உடையைக் கைவிட்டு ஐரோப்பிய உடையைப் போலி செய்வதை அந்நூல் கண்டித்தது.

ஆயின் இரவல் யாவும் பொய்யாகுமா? கண்டிச் சிங்கள மணமகள் ஒசரி உடுத்து, நெற்றியிலே 'நளல்பட்ட' எனும் பட்டம் அணிந்து, மார்பிற் படிப்படியாக இறங்கும் பதக்க மாலைகளுடன் மணமேடை ஏறுகின்றாள். இன்று அந்நகைகள் பெரும்பாலும் அலங்கரிப்போரிடம் ஒருநாள் வாடகைக்குப் பெறப்படுபவை. அதனை அறியாதார் இலர். எனவே அங்கு ஏமாற்றப்படுவோரும் இலர். அவள் செல்வத்தை நடிக்கவில்லை. தன் முன்னோரின் மரபுக்குள் தன்னை நிறுத்திக்கொள்கின்றாள். நம்மவரின் கூறைச் சேலையும் இத்தகையதே. மணமகன் வீட்டார் அளிக்க, மணமகள் உடுத்து வரும் அச்சேலை அவளது மேனியின் குறைநிறைகளைக் கருதியதன்று. அவள் புதியதொரு நிலையை எய்துவதைக் குறிப்பது. ஆகவே பொய் இரவலில் இல்லை. அதனை வேறிடத்தில் தேட வேண்டும்.

கண்டிக் கொழும்பு வீதியிலுள்ள புடைவைக் கடையொன்றில், உறவுப் பெண்ணொருத்தியின் வரவேற்பு வைபவத்துக்குச் சேலை தெரிந்தபோது உடனிருந்தேன். கத்தரிப்பூ நிறப் பட்டொன்றை அவள் விரும்பி எடுத்தாள். அவள் கறுப்பென்றும், அந்நிறம் அவளுக்கு எடுபடாதென்றும், வெளிறிய நிறமே அவளைச் சிறிது வெளுப்பாகக் காட்டுமென்றும் உடன்வந்த மாமி கூறினார். கடைக்காரரும் அதனை ஆமோதித்தார். அவள் மறுமொழி கூறாது சேலையை மடித்து வைத்தாள். மாமியின் சொல்லில் வன்மம் இல்லை. ஊரார் கண்ணும் நெடுங்காலம் நிலைக்கும் நிழற்படமும் அவர் நினைவில் இருந்தன. எனினும், அன்பினாற் கூறப்பட்டதாயினும் அவமதிப்பு அவமதிப்பே. அன்று தெரியப்பட்டது அவளுக்குரிய ஆடையன்று. அவளை மறைப்பதற்குரிய திரை.

'எடுப்பு' என்னும் சொல்லையே ஈண்டு நோக்குக. உடுத்தவரை எடுத்துக் காட்டுவது எதுவோ அதுவே எடுப்பானது. இன்றோ உடுத்தவரை ஒளித்து வேறொருவரைக் காட்டுவதையே எடுப்பென்கின்றோம். முன்னையது அழகூட்டல்; பின்னையது பிளேட்டோ கூறிய முகத்துதி. உடலின் அமைப்பறிந்து கரையையும் நிறத்தையும் தெரிதல் கலை. உடலுக்கு வெட்கித் தெரிதலே பொய். அப்பொய்யால் முதலில் ஏமாற்றப்படுபவள் மணமகளே.

குமாரசுவாமியே இதற்கு விடையும் தந்துள்ளார். 1939இல் 'அணி' பற்றி எழுதிய கட்டுரையில், 'அலங்காரம்' என்னும் வடசொல்லின் வேரை அவர் ஆராய்ந்தார். 'அலம்' என்பதற்குப் போதும் என்பது பொருள். ஆகவே ஒன்றைப் போதுமானதாக, அதன் செயலுக்கு ஏற்ற நிறைவுடையதாக ஆக்குதலே அலங்காரம் என்பது பெறப்படும். வாள் ஏந்தியபின் வீரன் நிறைவுறுவது போல, மணக்கோலம் பூண்டபின் மணமகள் நிறைவுறுகின்றாள். 'நீ போதாய்' என்று கூறும் ஆடை எத்துணை விலையுயர்ந்ததாயினும் அலங்காரமாகாது. 'நீ போதும்' என்று கூறும் ஆடை எளிய பருத்தியாயினும் அலங்காரமே.

இதற்கோர் உரைகல் உண்டு. மறுநாட் காலையில், பட்டையும் நகையையும் களைந்தபின் கணவன் காணும் முகம், முதல்நாள் மேடையிற் கண்ட அதே முகமாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் அவ்வாடை மெய்யுரைத்தது எனலாம். மணவாழ்வு இருவர் ஒருவரை ஒருவர் உள்ளவாறு ஏற்றலாகும். அதன் முதல் நாளிலேயே ஒருத்தியை மறைந்து நிற்கச் செய்தல் முறையாகுமா? அடுத்த முறை கடையிற் சேலை விரிக்கப்படும்போது, அவள் எடுத்த நிறத்தை அவள் தோளிலேயே இட்டுப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்.