அச்சம் கற்பிக்கும் பாடம்

கிரிவலப் பாதையாகவும் விளங்கும் செங்கம் சாலையில், இரமணாசிரமத்து வாயிலருகே, ஒரு மாலையில் இளைஞர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. வேறோர் ஊர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தார். மயில்களைப் பற்றித் தொடங்கிய பேச்சு, அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒன்றில் போய் நின்றது.

குழந்தைகள் பிரிவில் நள்ளிரவில் அவர் எழுதிய சீட்டில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்துவிட்டது. மருந்து பத்து மடங்கு! ஊசியில் ஏற்றுமுன் செவிலியர் ஒருவர் கண்டு சொன்னார். இவர் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். காலையில் பேராசிரியர் பார்வையிட வந்தபோது எவரும் வாய் திறக்கவில்லை. முந்தைய வாரம் ஓர் ஐயம் கேட்டதற்கே, நோயாளிகளின் உறவினர் முன்னிலையில், "மாடு மேய்க்கப் போ" என்று இவர் ஏசப்பட்டிருந்தார். "ஐயா, நான் மறைத்தது பாவமா?" என்று கேட்டார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. மறைத்தது தவறு என்பதில் ஐயமில்லை. அவருடைய மனச்சான்றே அதைச் சொல்லிவிட்டது. ஆனால் அத்தவறு முழுவதும் அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டுமா?

நாம் நின்ற இடமே இரண்டு செய்திகளை நினைவூட்டிற்று. 1896 ஆகஸ்டில் மதுரையில் வேங்கடராமன் என்னும் 16 வயது மாணவன், படிக்கத் தவறிய ஆங்கில இலக்கணப் பாடத்தைத் தண்டனையாக மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதி, மூன்றாவதில் சலித்துக் கண்மூடி அமர்ந்தான். அண்ணன் கடிந்துகொள்ள, வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். தண்டனைதான் இரமணரை உருவாக்கிற்று என்று யாரும் மகிழ வேண்டாம். தண்டிக்கப்பட்ட மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு வரலாறு எழுதுவாரில்லை.

அவர் கற்பிப்பவரான பின் நடந்ததே நமக்கு முக்கியம். 1902-இல் விருபாக்ஷி குகைக்கு வந்த சிவப்பிரகாசம் பிள்ளை, தத்துவம் பயின்றவர். வருவாய்த் துறையில் பணியாற்றியவர். தாம் யார் என்பதே தெரியவில்லை என்று தொடங்கி வினாக்களை அடுக்கினார். அப்போது பேசாதிருந்த 22 வயது துறவி ஒவ்வொன்றுக்கும் எழுதிக் காட்டி விடையளித்தார். இத்தனை படித்தவருக்கு இது தெரியாதா என்ற ஏளனம் அங்கே எழவில்லை. "தெரியவில்லை" என்ற சொல் அவமானமாகாமல் தொடக்கமாயிற்று.

மருத்துவக் கல்லூரியில் அச்சொல்லின் கதி வேறு. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாடே பதறியது. 1997-இல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. கொலையாளியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. அச்சட்டம் மாணவருக்கு மாணவர் இழைக்கும் கொடுமையை மனத்திற்கொண்டது. பட்டப்பகலில், நோயாளியின் கட்டிலருகே, ஆசிரியர் வீசும் சொல்லுக்கோ நாமே "கண்டிப்பு" என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

மூத்த மருத்துவர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். உயிர் காக்கும் தொழில் இது. மென்மையாக வளர்த்தால் அலட்சியம் வரும். நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம் என்பார்கள். முதற்பகுதியை நாம் மறுக்கவில்லை. "மருந்தின் அளவை மூன்று முறை சரிபார், தவறினால் இந்தப் பிள்ளை பிழைக்காது" என்பது கடுமைதான். அது மாணவரின் கண்ணைக் குழந்தையின்பால் திருப்புகிறது. "மாடு மேய்க்கப் போ" என்பதோ அவர் கண்ணை ஆசிரியரின் முகத்தை நோக்கித் திருப்பிவிடுகிறது. அதன்பின் அவர் அஞ்சுவது தவறு செய்ய அல்ல, தவறு வெளிப்பட. (மாடு மேய்ப்பதில் இழிவென்ன என்பது தனிக் கேள்வி. 2013 முதல் இவ்வூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. கால்நடையை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகளும் வெள்ளை அங்கி அணியும் நாளில், அச்சொல் மாணவரோடு அவருடைய தாய் தந்தையரையும் சுடுகிறது.)

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. ஒற்றுமையாக, நன்கு இயங்கும் பிரிவுகளில் பிழை குறைவாயிருக்கும் என எதிர்பார்த்தார். பதிவான பிழைகளோ அங்கேதான் மிகுதி! அங்கிருந்தவர்கள் தவறுகளை அஞ்சாது வெளியிட்டார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். பின்னர் இதை உளப் பாதுகாப்பு என்ற கருத்தாக வளர்த்தார். ஏச்சு நிறைந்த வார்டின் பதிவேடு தூய்மையாயிருக்கலாம். அத்தூய்மையை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்கு அது தெரியாது.

ஆகவே அவ்விளைஞரிடம் நமக்குத் தோன்றியதைச் சொன்னோம். மறைத்ததில் ஒரு பங்கு அவருடையது. உண்மை பேசுவதற்கு அவமானத்தை விலையாக வைத்தவருக்கும் அதில் பங்குண்டு. அவர் பேராசிரியர் என்பதால் அது சிறியதாகிவிடாது. தம் பங்கை அவர் ஈடுசெய்ய வழியுண்டு. நடந்ததைப் பிரிவின் பொறுப்பாளரிடம் சொல்லலாம். ஏச்சு விழலாம், ஆனால் இன்னொருவர் கையில் அதே புள்ளி இடம் மாறாதிருக்க அது உதவும். அச்செவிலியருக்கு நன்றி சொன்னீரா என்று வினவினோம். இல்லை என்று தலைகுனிந்தார்.

"நாளை உமக்குக் கீழே ஒருவர் பயிற்சிக்கு வருவாரே, நள்ளிரவில் அவர் வந்து ஐயம் கேட்டால்?" என்றோம்.

நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டு இரவு தூங்காமல் இருந்தால், நானும் அதே சொல்லைச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, ஐயா" என்றார்.