கழற்றப்போகும் முட்டுகள்

ஒரு வீட்டின் தளத்துக்கு எந்தக் கனத்தில் கம்பி, எவ்வளவு இடைவெளியில் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கும். கலவை ஈரமாக இருக்கும்போது அதைத் தாங்கப்போகும் முட்டுகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. சவுக்குக் கம்பா, இரும்பு ஜாக்கியா, எத்தனை அடிக்கு ஒன்று என்பதைச் சென்ட்ரிங் மேஸ்திரி தன் அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்கிறார். அந்த அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 1000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் போட்டால் கான்கிரீட் மட்டுமே ஏறக்குறைய 30 டன். அதன்மேல் ஆட்கள், வைப்ரேட்டர், ஒரே இடத்தில் கொட்டிக் குவிந்த கலவை. தன் எடையைத் தானே தாங்க முடியாத நிலையில் தளம் இருக்கும் அந்த நாட்களில், அதன் முழுப் பாரமும் யாரும் கணக்குப் போடாத ஒன்றின்மீது இறங்குகிறது. நாளைக்குக் கழற்றி லாரியில் ஏற்றப்போகும் பொருள்தானே என்று நாம் நினைத்துவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

முட்டில் சிக்கனம் என்றதும் கம்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒல்லியான நீண்ட கம்பு நசுங்கி உடைவதில்லை, பக்கவாட்டில் வளைந்துதான் சாய்கிறது. நீளம் இரு மடங்கானால் அது தாங்கும் எடை நாலில் ஒரு பங்காகிவிடும் என்பதைக் கணிதவியலாளர் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். பத்தடிக் கம்பை நடுவில் இரு திசையிலும் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, அந்தப் பிணைப்பு நகராதபடி தூணோடு சேர்த்துக் கட்டினால், வளையாமல் நிற்கும் அதன் வலிமை நான்கு மடங்காகும். ஆக, பாதுகாப்புக்கும் சிக்கனத்துக்கும் இங்கே பகையே இல்லை. இருந்தும் முதலில் விட்டுப்போவது அந்தக் குறுக்குக் கட்டைதான். நீளம் போதாத கம்புக்கு அடியில், நேற்று நிரப்பிய மண்மேல் இரண்டு செங்கல்லை அடுக்கி, ஆப்படித்து இறுக்குவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அந்த இடத்தில் தேவைப்படுவது பாரத்தைப் பரப்பிவிடும் ஓர் அகலமான பலகை, அவ்வளவுதான்.

கம்பைவிடக் கொடுமையாக நாம் மிச்சம் பிடிப்பது நாட்களை. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அதுவும் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு. இன்று வீடுகளுக்குப் பரவலாக வாங்கப்படும் பி.பி.சி. எனும் போர்ட்லாண்ட் பொசொலானா சிமென்ட் இன்னும் மெதுவாகத்தான் வலுப்பெறும். ஆனால் ஷீட்டுக்கும் ஜாக்கிக்கும் வாடகை நாள்கணக்கில் ஏறுகிறது. அடுத்த வேலைக்கும் அதே பொருள்தான் போக வேண்டும். கான்கிரீட்டின் வயதைச் சிமென்ட் தீர்மானிக்காமல் வாடகை தீர்மானிக்கத் தொடங்குகிறது.

இது சிறிய கட்டடங்களின் பிழை மட்டுமல்ல. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் ஒரு குளிர்விப்புக் கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. கட்டக் கட்ட ஏறிச் செல்லும்படி, சாரத்தைக் கோபுரத்தின் கான்கிரீட்டிலேயே பூட்டியிருந்தார்கள். வேலையை விரைவுபடுத்தும் நல்ல வடிவமைப்புதான். முந்தைய நாள் போட்ட கான்கிரீட் போதிய வலுப்பெறும் முன்பே பாரம் ஏற, அது சாரத்தோடு பிய்ந்து விழுந்தது. சாரத்தில் நின்ற 51 பேரும் இறந்தார்கள். ஒரே குடும்பத்து ஆண்கள் பலர் அதில் இருந்தார்கள். அடுத்த அடுக்குக்குப் போகலாமா என்பதை அந்தக் கான்கிரீட்டைச் சோதித்துவிட்டுத் தீர்மானித்திருக்கலாம்.

நம் ஊரில் சென்ட்ரிங் கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிறோம். தளம் இறுகக் காத்திருக்கும் நாட்களுக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. அந்த நாட்களுக்கான முட்டு வாடகையை மதிப்பீட்டில் தனியாக எழுதி வீட்டுக்காரர் பொறுப்பில் வைத்துவிட்டால், அவசரப்பட்டுக் கழற்றுவதால் மேஸ்திரிக்கு எந்த மிச்சமும் இருக்காது. முட்டுகளின் இடைவெளியையும் குறுக்குக் கட்டைகளையும் அடிப்பலகையையும் கம்பி வரைபடத்துக்குப் பக்கத்திலேயே வரைந்து, கழற்றும் தேதியையும் குறித்துக் கொடுப்பது ஒரு பொறியாளருக்கு அதிகம் போனால் அரைநாள் வேலை.