ஆரோனின் நாவும் மோசேயின் மலையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் ஒரு மாலை. திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தோம். நம் பங்கைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்து வாயிலில் நின்றார். முகத்தில் கலக்கம் தெரிந்தது.

"சாமி, இவளுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. நல்ல மார்க் எடுத்திருக்கா. ஆனா விஸ்காம்தான் படிப்பேன்னு நிக்கிறா. பேசுறதுக்கும் படம் பிடிக்கிறதுக்கும் மூணு வருசம் படிக்கணுமா? பொய்யை அழகாச் சொல்றதுக்குத்தானே அங்க சொல்லித் தருவாங்க?"

மகள் தலை நிமிராமலே தந்தைக்கு மறுமொழி சொன்னாள்: "சாமிக்கும் குருமடத்துல பிரசங்கம் வைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பாங்கல்லப்பா. அது மட்டும் என்னவாம்?"

தந்தை அதட்டினார். நாம் சிரித்துச் சமாளித்தோம். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி இருவரையும் அனுப்பிவைத்தோம். ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தந்தையின் ஐயம் ஒரு பக்கம், மகளின் வினா மறுபக்கம். பிறர் உள்ளத்தை அசைக்கும் வகையில் பேசவும் எழுதவும் காட்டவும் ஒருவருக்குப் பயிற்சி அளிப்பது நல்லதா? அப்பயிற்சி அவரை உண்மைக்கு அருகில் கொண்டு செல்லுமா, அல்லது அதினின்று விலக்குமா?

தையற்காரரின் ஐயம் மிகப் பழையது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் பிளேட்டோ 'கோர்கியாஸ்' என்னும் தம் நூலில் இதே வழக்கை எழுப்பினார். அங்கே சாக்ரட்டீஸ் பேச்சுக்கலையைச் சமையலுக்கு ஒப்பிடுகிறார். மருத்துவர் கசப்பு மருந்து தருவார். சமையற்காரர் நாவுக்கு இனியதைத் தருவார். சிறுவர் கூடிய மன்றத்தில் இவ்விருவரும் வாதிட்டால் வெல்பவர் சமையற்காரரே. எது நன்மை என்று அறியாமல் எது இனிக்கும் என்று மட்டும் அறிந்திருப்பது முகத்துதியே என்பது அவர் முடிவு.

அக்காலத்துப் பேச்சுக்கலைதான் இக்காலத்தில் பல்கலைக்கழகப் பட்டமாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகம் 1908-இல் இதழியலுக்கெனத் தனிக் கல்லூரியைத் தொடங்கியது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில், லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-இல் இதழியல் துறையை ஏற்படுத்தியது. இன்று தமிழகத்தில், சென்னை இலயோலாக் கல்லூரி உள்ளிட்ட கத்தோலிக்கக் கல்லூரிகள் சிலவும் காட்சித் தொடர்பியலைக் கற்பிக்கின்றன. ஒளிப்படம், திரைக்கதை, படத்தொகுப்பு, விளம்பரம், ஊடகச் சட்டம், ஊடக அறம் எனப் பாடங்கள் விரிகின்றன.

திருச்சபை இக்கலையைக் கண்டு அஞ்சி ஒதுங்கவில்லை. தமிழ் எழுத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்த பதினாறு பக்க ஞானோபதேச நூல். அதனை ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் போர்ச்சுகல் நாட்டவர். முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்று, அம்மொழிக்கு இலக்கணமும் எழுதிய பின்னரே அவர் அச்சு இயந்திரத்தை நாடினார். இவ்வரிசையை மனத்தில் இருத்துவோம். பின்னர் இதற்குத் திரும்புவோம். பிற்காலத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றி ஒரு தனி ஆணையையே வெளியிட்டது. அப்பணிக்குக் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் முறையாகப் பயிற்சி பெறவேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. ஆகவே 'இது நமக்கு ஆகாத படிப்பு' என்று தையற்காரரிடம் நாம் சொல்லிவிட முடியாது.

எனினும் அவருடைய அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தொடர்பியல் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் ஓர் எளிய வாய்பாடு உண்டு. அமெரிக்க அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 1948-இல் தந்தது அது. யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எவ்வழியில் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், என்ன விளைவு உண்டாகிறது என்னும் ஐந்து வினாக்களால் ஆனது. ஆராய்ச்சிக்கு அது பயனுள்ள கருவியே. ஆனால் சொல்லப்படுவது உண்மையா என்னும் ஆறாம் வினா அதில் இல்லை. அந்த ஐந்துக்கும் திறமையாக விடை எழுதி, ஆறாவதைக் கேளாமலே ஒருவர் வாழ்நாளைக் கழித்துவிட முடியும்.

அப்படிக் கேளாதுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ருவாண்டா நாடு சான்று. 1993-இல் அங்கே ஒரு தனியார் வானொலி தொடங்கப்பட்டது. இசையும் நகைச்சுவையும் கலந்து மக்களோடு மக்களாகப் பேசிய அந்நிலையம் இளைஞரிடையே பெருஞ்செல்வாக்குப் பெற்றது. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை துட்சி இன மக்கள் இலட்சக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவ்வானொலி அவர்களைக் கரப்பான்பூச்சிகள் என்று இழித்துரைத்துக் கொலைக்குத் தூண்டியது. அதை நிறுவியவர்களுள் ஒருவர் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003-இல் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் ருவாண்டா மக்களுள் பெரும்பான்மையோர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கராய் இருந்தனர் என்பதையும் நாம் வேதனையோடு நினைவுகூர வேண்டும். பட்டமும் திறமையும் மட்டுமன்று, ஞாயிறுதோறும் மறையுரை கேட்கும் பழக்கமும்கூடத் தாமாகவே மனச்சான்றைக் காத்துவிடுவதில்லை.

அப்படியாயின் இக்கலையைக் கைவிடுவதுதான் வழியா? புனித அகுஸ்தீனாரின் வாழ்வு வேறு விடை தருகிறது. கி.பி. 384-இல் மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். பேரரசரைப் புகழ்ந்து உரை நிகழ்த்துவது அப்பதவியின் கடமைகளுள் ஒன்று. தாம் பொய் சொல்லப் போவதையும், பொய் என்று அறிந்தவர்களே அதற்குக் கைதட்டப் போவதையும் எண்ணி மனம் வெதும்பித் தெருவில் நடந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைக் கண்டு, இவன் தம்மைவிட மகிழ்ச்சியாய் இருக்கிறானே என்று அவர் ஏங்கியதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அந்நகரின் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளைக் கேட்க அவர் முதலில் சென்றதும் பொருளுக்காக அன்று, நடையழகை எடைபோடுவதற்காகவே. ஆனால் கேட்கக் கேட்க, நடையோடு பொருளும் உள்ளே நுழைந்தது. 386-இல் அவர் பேராசிரியப் பதவியைத் துறந்தார்.

பதவியைத் துறந்தாரே ஒழியக் கலையைப் பழிக்கவில்லை. முதுமையில், கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியை நிறைவு செய்தபோது, பொய்யை ஆதரிப்போர் திறம்படப் பேச, உண்மையை ஆதரிப்போர் கேட்போர் கொட்டாவி விடும்படி பேசுவது முறையாகுமா என்னும் கருத்தை வலியுறுத்தினார். உண்மைக்கும் நல்ல நா வேண்டும். ஆனால் அந்த நா முதலில் செவியாக இருந்து பழகியிருக்க வேண்டும் என்பதை மிலான் பேராலயத்தில் அவர் அமர்ந்திருந்த அந்நாள்களே நமக்கு உணர்த்துகின்றன.

இங்கே நம்மைப் பற்றிய ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அச்சிறுமியின் வினா நம் உறக்கத்தைக் கெடுத்ததற்குக் காரணம் அதுவே.

குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சிற்றூர்ப் பங்கில் இருந்தோம். பாதுகாவலர் திருவிழா முடிந்ததும் கணக்கில் பணம் குறைகிறது என்ற பேச்சு எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து ஒருவரைச் சுட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நம்பினோம். அடுத்த ஞாயிறு மறையுரையில், பெயர் சொல்லாமல், பணப்பையை வைத்திருந்த யூதாசைப் பற்றிப் பேசினோம். குரலை எங்கே தாழ்த்துவது, எந்த இடத்தில் நிறுத்தி மக்களை மௌனத்தில் காக்கவைப்பது என்பதெல்லாம் குருமடத்தில் பயின்றவையே. கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவியது. தலைகள் எல்லாம் ஒருவர் பக்கம் திரும்பின. மறையுரை நன்றாக அமைந்தது என்றே அன்று மகிழ்ந்தோம்.

சில மாதங்களுக்குப் பின் வேறொருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு இரசீதுப் புத்தகம் கிடைத்தது. கணக்கில் ஒரு பைசாவும் குறையவில்லை. அதே பீடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டோம். ஆனால் கேட்கவேண்டியவர் அன்று கோயிலில் இல்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பின்னர் குடும்பத்தோடு ஊரைவிட்டும் போய்விட்டார். நம் மறையுரை சென்ற தொலைவுக்கு நம் மன்னிப்புச் செல்லவில்லை. அவர் வீடு கோயிலிலிருந்து நூறடித் தூரத்தில்தான் இருந்தது. ஒரு மாலை நடந்து சென்று, "என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது வியப்பான ஒன்றைக் காண்கிறோம். செய்தி எழுதக் கற்கும் மாணவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் விதிகளுள் ஒன்று, ஒருவர்மேல் குற்றச்சாட்டு வந்தால் அவரிடம் நேரில் சென்று அவர் பக்கத்தையும் கேட்டு எழுது என்பதாகும். கேட்டதை இன்னொரு வழியில் சரிபார், ஐயமிருந்தால் வெளியிடாதே, தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடு என்பனவும் அவ்வகுப்பின் பாடங்களே. மறையியல் பட்டத்தோடு பீடத்தில் ஏறிய நாம் அன்று செய்யத் தவறியதை, தையற்காரர் அஞ்சும் அந்தப் படிப்பு தன் முதலாண்டு மாணவியிடம் எதிர்பார்க்கிறது. ஆகவே, இப்படிப்பின் உயிர் படப்பிடிப்புக் கருவியிலோ படத்தொகுப்பு அறையிலோ இல்லை. வாய் திறக்குமுன் ஒருவர் வீட்டு வாயிலுக்குச் சென்று கேட்டுவரும் அந்த ஒழுக்கத்தில் இருக்கிறது. அந்த ஒழுக்கத்தை ஒரு தவம் என்றே சொல்லலாம்.

விடுதலைப் பயண நூல் இதனை நமக்கு முன்னரே கற்பித்துள்ளது. மோசே திக்கிய நாவினர். அண்ணன் ஆரோனோ நாவன்மை மிக்கவர். கடவுளிடம் கேட்டதை மோசே சொல்ல, அதை ஆரோன் மக்களுக்கு எடுத்துரைத்தார். பார்வோனின் அவை அதிர்ந்தது. பின்பு மோசே மலைமேல் நாற்பது நாள் தங்கியபோது, ஆரோன் கீழே தனித்திருந்தார். அவருடைய நா அதே நாதான். ஆனால் மலையிலிருந்து கேட்டுச் சொல்வார் இல்லை. எனவே கூட்டம் கேட்டதை அவர் செய்து கொடுத்தார், பொற்கன்று பிறந்தது. மோசே திரும்பி வந்து வினவியபோது, பொன்னை நெருப்பில் போட்டேன், கன்று வெளிவந்தது என்பதே அவர் கூறிய சாக்கு! தம் கையால் உருவாக்கியதைத் தானே தோன்றியதாகச் சொன்னார். 'மக்கள் விரும்புகிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்' என்று இக்காலத்தில் சொல்லப்படும் சாக்கும் அதன் வழிவந்ததே.

ஆரோனுக்கு நா இருந்தது குற்றமன்று. அந்த நாவைத் தந்தவரே அதைப் பணிக்கு அழைத்தார். மலைக்கும் நாவுக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்ததுதான் கேடாயிற்று. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆரோனே. வந்த செய்தியை ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்புகிறோம். இருப்பவர் குரலையும் இறந்தவர் முகத்தையும் செயற்கை நுண்ணறிவு போலியாக்கித் தருகிறது. இந்நாளில், கேட்டுச் சரிபார்த்துச் சொல்லப் பயின்ற சிலராவது நம் குடும்பங்களிலிருந்து எழவேண்டாமா?

ஞாயிறு அன்று தந்தையும் மகளும் வந்தார்கள். நூறடித் தூரத்தில் இருந்த அந்த வீட்டின் கதையை அவர்களுக்குச் சொன்னோம். தையற்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அளவு எடுக்காம துணியில கத்திரி வச்ச மாதிரி ஆயிருச்சு சாமி" என்றார். நம் குறையை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை.

மகளிடம் இதைத்தான் சொன்னோம்: "போய்ப் படிம்மா. ஆனா கல்லூரியில சேர்றதுக்கு முன்னாடி, அங்க எத்தனை கேமரா இருக்குன்னு மட்டும் கேட்காதே. மக்கள் பேசுறதைக் கேட்க உங்களை எங்கெல்லாம் அனுப்புவாங்கன்னும் கேளு."

அவள் தலையசைத்தாள். வாயிற்படியில் நின்று திரும்பி, "அவங்க இப்ப எங்க இருக்காங்க சாமி?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்பது புரியச் சற்று நேரமாயிற்று. நமக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் அதை நாம் விசாரித்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இவ்வாரம் அந்தப் பழைய பங்கின் குருவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.